பெயர் கூப்பிடும் நேரம்

வருகைப் பதிவேடு எனக்குப் பிடித்த பொருள். நீளமான அட்டை, உள்ளே பெயர்கள், தேதிக்கொரு கட்டம், அவ்வளவுதான். ஆனால் காலையில் அதை விரித்துப் பெயர் கூப்பிடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பத்தாம் வகுப்பின் முகம் எனக்குத் தெரியும். "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொல்லில் எத்தனை குரல்கள்! போன மாதம் கீச்சென்று சொன்னவன் இன்று உடைந்த குரலில் சொல்லிவிட்டு வெட்கத்தில் தலை குனிகிறான். வீட்டில் சண்டை நடந்த நாளில் ஒருத்தியின் பதில் உதட்டைத் தாண்டாது. அன்று அவளிடம் கேள்வி கேட்க மாட்டேன். இடைவேளையில் நோட்டுகளை அடுக்கக் கூப்பிட்டுக்கொள்வேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பள்ளி திறந்த அன்று பெயர் கூப்பிட எனக்கு நா எழவில்லை. பதில் வராத பெயர்களை இரண்டு முறை கூப்பிட்டேன். தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளைகள். விழுந்த மரத்தை அறுக்க அப்பாவோடு நின்றவர்கள். பதினைந்து வயதில் அவர்கள் சுமந்ததற்கு என் பாடத்தில் விடை இல்லை. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அந்தக் கட்டங்கள் நிரம்பிய நாளில் பதிவேட்டை மூட மனம் வரவில்லை.

இப்போது வருகை கைபேசிச் செயலியில் ஏறுகிறது. நல்லதுதான். இருந்தாலும் வாய்விட்டுப் பெயர் கூப்பிடுவதை நான் விடவில்லை.

சென்ற மாதம் ஆலங்குடிப் பேருந்து நிலையத்தில் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல்: "உள்ளேன் ஐயா!" திரும்புவதற்குள் அவன் பெயர் என் வாயில் வந்துவிட்டது.