முகம் மறைக்காத சாட்சி

2023இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த தென்கொரிய ஆவணத் தொடரொன்றின் முதல் மூன்று பகுதிகள், தன்னை மெசியா எனக் கூறிக்கொண்ட கிறிஸ்தவக் குழுத் தலைவர் ஜோங் மியோங்-சோக் பற்றியவை. பாலியல் வன்கொடுமைக்காகப் பத்தாண்டுகள் சிறையிலிருந்து 2018இல் வெளிவந்தவரை அடியார்கள் மெசியாவாகவே வரவேற்றனர். குற்றமும் தொடர்ந்தது.

ஹொங்கொங் பெண்ணொருவர் முகம் மறைக்காது சாட்சி சொல்கிறார். தொடரின் பலம் அதுவே. தலைவருக்காகப் பெண்கள் ஆடையின்றித் தோன்றிய காணொளிகளைக் காட்டியது பெருங்குறை. சாட்சிக்குச் சொல் போதும். அந்நேரத்தை, படித்த இளைஞர்கள் ஏன் கேள்வி கேட்காதிருந்தனர் என ஆராயச் செலவிட்டிருக்கலாம்.

2025இல் உச்ச நீதிமன்றம் 17 வருடத் தண்டனையை உறுதிசெய்தது. முதல் தண்டனைக்கு அசையாத விசுவாசம் இதற்கு மட்டும் அசையுமா? எந்த மார்க்கத்தவரும் தம்மை நோக்கியும் கேட்கவேண்டிய கேள்வி இது.