ஃபீஸ் மட்டும் ஃப்ரீ!

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு டீ குடிக்க ஒதுங்கினபோது அவரைப் பார்த்தேன். ரப்பர் பால் வெட்டுகிறவர். மகளுக்குத் தனியார் பள்ளியில் ‘ஃப்ரீ சீட்’ கிடைத்திருக்கிறதாம். வாழ்த்துச் சொன்னேன். மனுஷர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“ஃபீஸ் இல்ல சாரே. மத்ததெல்லாம் உண்டு.”

நான் பி.காம். ‘மத்ததெல்லாம்’ என்று யாராவது சொன்னால் பட்டியல் கேட்காமல் விடமாட்டேன். புத்தகம், நோட்டு, இரண்டு செட் யூனிஃபார்ம், ஷூ, ஸ்மார்ட் கிளாஸுக்குக் காசு, ஆண்டு விழாவுக்கு ஒரு கலர் டிரெஸ். இதில் முக்கால்வாசி ஜூனிலேயே வந்து நிற்கும். அந்தப் பக்கம் மழை பிடிப்பதும் ஜூனில்தான். மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஸ்கூல் திறக்கிற நேரம் பார்த்து வீட்டில் காசு இருக்காது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடத்தை இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். பணத்தை அரசு கொடுக்கும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. படிப்பைத் தடுக்கிற எந்தக் கட்டணமும், செலவும் பிள்ளை மேல் விழக்கூடாது என்று 3-வது பிரிவு சொல்கிறது. எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ரசீது போடுகிறவர்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

நிர்வாகிகளைக் கேட்டால், அரசுப் பணம் லேட்டாக வருகிறது என்பார்கள். பொய்யில்லை. மத்திய நிதி வரவில்லை என்று 2025-ல் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது. அதற்காக, அரசு வைத்த பாக்கியைப் பால் வெட்டுகிறவரிடமா வசூலிப்பது?

எனக்குக் கோபம் அரசு மேலும்தான். தன் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, செருப்பு, மதியச் சாப்பாடு, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை டிபன்கூடத் தருகிற அரசு, தானே தனியார் பள்ளிக்கு அனுப்பிவைத்த பிள்ளையை மட்டும் ஏன் ஃபீஸோடு கைகழுவுகிறது?

இத்தனைக்கும் இது 1817-லேயே, கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்ட திருவிதாங்கூர் மண். (அந்த உத்தரவுக்குப் பிறகும், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குள் விட தொண்ணூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அது தனிக் கதை.)

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லவேண்டி வந்தது. இந்தச் சலுகை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழு ஃபீஸ். முடியாவிட்டால், டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேட வேண்டும்.

அவருக்கு அது தெரியாது. கிளாஸைக் கீழே வைத்தார்.

“பிள்ள இப்ப யூ.கே.ஜி.தானே சாரே. இன்னும் நாளு கெடக்கு” என்றவர், விரல் விட்டு வருஷத்தை எண்ண ஆரம்பித்தார்.