எளிமை என்னும் வனப்பு: இளையோர்க்குரிய காதற்கதை பற்றிய ஓர் ஆய்வு

எழுதப் படிக்க அறிந்தும் நூலை நாடாத இளையோர் எல்லா மொழியினரிடத்தும் உளர். பள்ளிப் பாடத்தைக் கடமைக்காகப் படித்து முடிப்பர். தாமே விரும்பி ஒரு நூலை எடுத்து இறுதிவரை செல்லுதல் அவர்க்கு அரிது. இத்தகையோரும் படிக்கத்தக்க வகையில், எளிய நடையும் மெல்லிய நகையும் அமைந்த காதற்கதைகள் ஆங்கிலத்தில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. எளியன என்ற காரணத்தாலேயே இவற்றை ஆய்வுக்கு உரியன அல்ல என ஒதுக்கும் மனநிலை கற்றோரிடையே உண்டு. எளிமை இலக்கியத்தின் குறையா, அன்றி அதன் பண்புகளுள் ஒன்றா? இவ்வினாவை இரு படைப்புகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரி 1956இல் வெளியிட்ட 'பிஃப்டீன்' என்னும் புதினம். மற்றொன்று, கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியுள் அமைந்த கலித்தொகை 51ஆம் பாட்டு. ஒன்றன் சாயல் மற்றொன்றில் உண்டு என்பது நம் கருத்தன்று. இரண்டும் ஒரே கலைச்சிக்கலை எதிர்கொண்ட முறையே ஈண்டு நோக்கத்தக்கது.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்புகளுள் 'புலன்' என்பது ஒன்று. மக்கள் வழங்கும் சொற்களால் அமைந்து, ஆராய்ந்து பொருள் காணவேண்டாதபடி, கருதியது தானே விளங்க நிற்பது புலனாகும். எளிமையை ஆசிரியர் ஒரு விலக்காகவோ சலுகையாகவோ கூறவில்லை. வனப்புகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணினார். வனப்பாவது, பெரும்பாலும் செய்யுளின் உறுப்புகள் பல ஒருங்கு திரண்டவழித் தோன்றும் அழகு என்பது பேராசிரியர் கருத்து. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், எளிமை தனிச்சொல்லின்கண் இல்லை, படைப்பின் முழு அமைப்பிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

இம்முடிபு இக்காலத்துக்கும் பயன்படுவது. எளிய நூல் ஆக்குவோர் சொற்களை எண்ணிக் குறைக்கும் முறையை முதலில் மேற்கொண்டனர். எட்வர்டு டால்ச் 1936இல் 220 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட 'தி கேட் இன் தி ஹேட்' 236 சொற்களாலேயே இயன்றது. தொடக்க நிலையில் படிக்கும் குழந்தைக்கு இம்முறை பெரிதும் உதவும். பதினைந்து வயதினர்க்கோ அது மட்டும் போதாது. சொல் எளிதாயினும் பொருள் குழந்தைக்குரியதாயின், அந்நூலைக் கையிலேந்தவே அவர் நாணுவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1998இல் தொடங்கப்பெற்ற பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இதனை உணர்ந்து செயற்பட்டது. பொருளை வாசகர் வயதுக்கேற்ப அமைத்து, தாளின் நிறம், எழுத்துருவம், வரியிடைவெளி ஆகியவற்றைத் திருத்தி, கையெழுத்துப் படியை இளம் வாசகரிடமே காட்டிக் கருத்தறிந்து நூல்களை வெளியிட்டது. எளிமை முழு அமைப்பைச் சார்ந்தது என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

கிளியரி (1916–2021) எழுத்தாளராகு முன்னர் வாசிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் நூலகராகப் பணியாற்றியவர். நூலில் நாட்டமில்லாச் சிறுவர் சிலர், தம்மைப் போன்றவரைப் பற்றிய நூல்கள் எங்கே என அவரிடம் வினவினர். கொடுப்பதற்கு ஏற்ற நூல்கள் மிகுதியாக இல்லை. அவ்வினாவே அவர்தம் எழுத்துப் பணிக்கு வித்தாயிற்று.

'பிஃப்டீன்' புதினத்தின் தலைவி ஜேன் பர்டி. சிறுமி ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் அவள் இருக்கிறாள். குறும்புக்காரியாகிய அச்சிறுமி மைப்புட்டியை விரிப்பின்மீது கவிழ்க்கப் போவதாக அச்சுறுத்துகிறாள். அவ்வேளை, நாய்க்குரிய இறைச்சியைக் கொண்டுவந்த ஸ்டான் என்னும் இளைஞன், சொல்லின் முதலெழுத்தைக் கடைக்கு மாற்றிப் பேசும் விளையாட்டு மொழியில் அவளோடு பேசுகிறான். ககரம் சேர்த்து நம் சிறுவர் பேசும் மறைமொழி போன்றது அது. சிறுமியின் கருத்து அதன்பால் திரும்ப, இடர் நீங்குகிறது. ஜேன் உள்ளத்தில் காதல் அரும்புகிறது.

இனிக் கபிலர் பாட்டைக் காண்போம். தலைவி தோழிக்குக் கூறுவதாக அமைந்தது அது. மணல்வீட்டைச் சிதைத்தும் பந்தைப் பறித்தோடியும் தொல்லை செய்த பழைய குறும்பன், ஒருநாள் தாயும் மகளும் இருந்த வீட்டுக்கு வந்து உண்ண நீர் கேட்கிறான். தாய் ஏவ, நீர் கொண்டு சென்ற மகளின் கையை அவன் பற்றுகிறான். அவள் மருண்டு தாயை அழைக்கிறாள். தாய் அலறி வருங்கால், நீர் விக்கினான் என மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவ, அவனோ கடைக்கண்ணால் இவளை நோக்கி நகுகிறான்.

இரண்டும் வீட்டினுள் நிகழ்வன. இறைச்சி தருதலும் நீர் கேட்டலுமாகிய அன்றாடச் செயலில் தொடங்குவன. இடர் சிறிது, ஆயின் அதற்கு உள்ளானவர்க்கு அதுவே பெரிது. அவ்விடரைச் சொல் ஒன்றே தீர்க்கிறது. காதல் அச்சொல்லினின்றே வெளிப்படுகிறது. நகைக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எள்ளல், பேதைமை, மடமை ஆகியவற்றோடு இளமையையும் கூறியது நினைக்கத்தக்கது. இளமையை இகழ்ந்து நகுதல் வேறு. இளமையினின்று நகை பிறத்தல் வேறு. இவ்விருவரும் பின்னதையே செய்தனர். இளையோர் தம் இடரைத் தாமே பெரிதாகக் கொள்வர். ஆசிரியரும் அதனை எள்ளாமல் மதித்தவழியே வாசகர் நகையில் பங்கு கொள்வர்.

எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. கபிலரின் தலைவி தானே சொல்லைக் கண்டு தன்னையும் அவனையும் காக்கிறாள். ஜேனோ காக்கப்படுகிறாள், பின்னரும் தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருக்கிறாள். பிற பெண்களைப்போல் நடிக்க முயன்று, தன் இயல்பே போதும் என்று அவள் தெளிவது இப்புதினத்தின் வளர்ச்சி. ஆயினும் அத்தெளிவின் இறுதியில் ஸ்டான் தரும் பெயர்பொறித்த கைச்சங்கிலி பரிசாக வந்து நிற்கிறது. பெண்ணின் மதிப்பை ஆணின் ஏற்பு உறுதி செய்வதுபோன்ற இம்முடிவு இப்புதினத்தின் குறையேயாம். மறுபுறம், இசைவறியாது கைபற்றும் செயலைக் கபிலர் பாட்டினின்று அவ்வாறே எடுத்து இன்றைய கதையில் அமைத்தலும் பொருந்தாது. எளிய நூலைப் படிப்பவர், தடையின்றிப் படிப்பதுபோலவே அதன் மதிப்பீடுகளையும் தடையின்றி ஏற்பர். ஆதலின் எளிய நூலாசிரியரின் பொறுப்பு மிகுதியே அன்றிக் குறைவன்று.

இதுகாறும் கூறியவற்றால், இவ்வகைக் கதையை ஆராய்வார் கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். சொல் எளிதாதலோடு அமைப்பும் தெளிவுடையதா? நகை இளமையை மதித்துப் பிறந்ததா? தலைமக்கள் தம் சொல்லாலும் செயலாலும் சிக்கலை அவிழ்க்கின்றனரா? இம்மூன்றனுக்கும் ஆம் என்னும் விடை தரும் நூல், எளிமை பற்றித் தாழ்த்தற்குரியதன்று. எளிது என்பதற்காக ஒரு நூலை ஒதுக்குவதும், எளிது என்பதற்காகவே அதனை ஏற்பதும் ஆய்வு நெறியாகா. புலனை வனப்பெனக் கண்ட இலக்கண மரபினர்க்கு அவ்வேறுபாட்டை உணர்தல் அரிதன்று. தமிழில் இளையோர்க்கு எழுத முனைவோரும், அவ்வெழுத்தை மதிப்பிட முனையும் முதுகலை மாணவரும் அம்மரபினின்றே தொடங்குதல் தகும்.