கல்லும் மன்னிப்பும்

குடும்பக் கதை என்று நம்மவர் விரும்பிப் படிப்பனவற்றுள் பெரும்பாலானவை இரண்டே முடிவுகளை உடையன. கணவன் பிழை செய்வான், மனைவி பொறுத்தருள்வாள். அன்றி மனைவிமேல் பழி விழும். அவள் தூயவள் என்று மெய்ப்பிக்கப்பட்ட பின்னர் கணவன் அவளை ஏற்றுக்கொள்வான். படிப்போரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுவர். இம்முடிவுகளில் அன்பு, நம்பிக்கை, மன்னிப்பு என்னும் மூன்றும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அவை மூன்றும் வெவ்வேறானவை என்பதே நமது அபிப்பிராயம்.

தமிழில் நாவல் தோன்றிய காலத்திலேயே இக்கேள்வியும் தோன்றிவிட்டது. பி. ஆர். ராஜமையர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் முத்துஸ்வாமி ஐயர் மனைவியிடம் மிகுந்த அன்பு உடையவர். ஆயினும் அவளைப் பற்றிய பொய்யுரை ஒன்று செவியில் விழுந்த அளவில் அவர் நிலைகுலைந்து போகிறார். அன்பு இருந்தது, நம்பிக்கை இல்லை. பின்னர் வேதாந்தம் வந்து குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது. மனைவியை ஐயுற்ற குற்றத்தைக் காட்டிலும் அவர் ஞானம் பெற்ற பெருமையே முடிவில் மேலோங்கி நிற்கிறது.

இக்குறையை நேர்நின்று கேட்டவர் புதுமைப்பித்தன். 1943-ஆம் ஆண்டில் 'கலைமகள்' பத்திரிகையில் வெளிவந்த அவருடைய 'சாபவிமோசனம்' என்னும் கதையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். இராமனுடைய பாததூளி பட்டு அகலிகை கல்லுருவம் நீங்குகிறாள். கோதமனும் அவளை மன்னித்து ஏற்கிறான். பழைய கதை இங்கே முடிந்துவிடும். புதுமைப்பித்தன் கதையோ இங்கேதான் தொடங்குகின்றது. மன்னிக்கப்பட்ட பெண் எவ்வாறு வாழ்கிறாள்? சாதாரணமாக ஒரு சொல் சொல்லவும் அஞ்சி அஞ்சி வாழ்கிறாள். தன் பேச்சில் வேறு பொருள் தொனித்துவிடுமோ என்று தயங்குகிறாள். ஊர்ப் பெண்கள் அவளைக் கண்டு ஒதுங்குகின்றனர். சாபம் நீங்கியது, பழி நீங்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் இராமன். தன்னைத் தூயவளாகக் கண்ட அவனும் சீதையின் பொருட்டு உலகத்திற்குச் சான்று வேண்டினான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. தனக்கு ஒரு நீதி, அவளுக்கு ஒரு நீதியா என்று அவள் உள்ளம் கொதிக்கிறது. அதன்பின் அன்புடன் தழுவ வரும் கோதமனும் அவள் கண்ணுக்கு இந்திரனாகவே படுகிறான். அவள் மீண்டும் கல்லாகிறாள். மன்னிப்பு என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் பிச்சையாக இருக்குமட்டும் அதனால் ஓர் உயிர் மலராது என்பதே இக்கதையின் கருத்து என்று கொள்கிறோம்.

நிற்க. ஆங்கிலப் பள்ளியில் நாம் படித்த ஷேக்ஸ்பியரிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. 1611-ஆம் ஆண்டில் லண்டனில் நடிக்கப்பெற்ற 'தி விண்டர்ஸ் டேல்' நாடகத்தில், லியோன்டீஸ் என்னும் மன்னன் குற்றமற்ற மனைவி ஹெர்மயனியைச் சந்தேகித்து இழக்கிறான். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய சிலை என்று காட்டப்படுவது அசைந்து உயிருள்ள பெண்ணாக இறங்கி வருகிறது. அங்கே கல் பெண்ணாகிறது. இங்கே பெண் கல்லாகிறாள். எனினும் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். ஹெர்மயனி கணவனைத் தழுவுகிறாள்; ஆனால் அவனோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவள் பேசுவதெல்லாம் மகளிடமே. அந்த மௌனத்தை மன்னிப்பு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' வேறொரு வழியைக் காட்டியது. மழை நாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தாய் தண்ணீரை வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். சான்று கேட்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. தீக்குப் பதிலாக நீர். இதைப் பொறாதவர்கள் அன்று கூச்சலிட்டனர். தாய் வாயடக்காமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே ஆசிரியர் பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலாக விரித்தார். ஒருத்தியின் வாழ்வு ஒரு குடத்துத் தண்ணீரில் நின்றது என்பதற்கு இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தலே போதுமானது.

இவை புத்தகத்தோடு போகும் விஷயங்களல்ல. கிராணி வேலையில் இருக்கும் நாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறோம். மூன்றாண்டு வேறிடத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தித் திரும்பிய ஒருவனுக்காகப் பெரியவர்கள் அவன் மனைவியிடம் சமாதானம் பேசினர். ஒரு வேளைச் சோற்றுக்குள் வழக்கு முடிந்தது. அதே லயத்தில், தொழிற்சாலை வேலை முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு விடியற்காலையில் வீடு சேர்ந்த ஒருத்தியோ, கோயில் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் தீக்குளிப்பே, தீ சிறியது, அவ்வளவே. அவள் கணவன் அவளை மன்னித்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தனர். அவள் செய்த பிழை யாதென்று ஒருவரும் கூறவில்லை. அன்று அங்கே நின்றிருந்த நாமும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை.

எனவே, அன்பர்களே, இனி ஒரு குடும்பக் கதையைப் படித்து முடித்ததும், யார் யாரை மன்னித்தார், மன்னிக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கதையிடம் கேட்கப் பழகினால் வீட்டிலும் கேட்கத் துணிவு வரும்.