சேக்சுபியரின் 73ஆம் சானட்டில் பொழுதும் காதலும்

காதலைப் பாட வந்த புலவர் முகத்திற்கு மதியையும் இதழுக்கு மலரையும் உவமை கூறுதல் பல மொழிகளிலும் காணப்படும் வழக்காகும். அவ்வாறன்றி, இயற்கையின் பொலிவால் அல்லாமல் அதன் தேய்வால் காதலை உணர்த்தும் பாட்டொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சேக்சுபியரின் சானட்டுகள் 154. அவை 1609ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் முதல் 126 பாட்டுகள் இளைஞனாகிய அன்பன் ஒருவனை நோக்கியன என்பது அறிஞர் பலர் கொள்கை. பதினான்கடி கொண்ட சானட்டை அவர் மூன்று நாலடிப் பகுதிகளாகவும், ஈற்றில் ஓர் ஈரடியாகவும் அமைத்தார். 73ஆம் பாட்டில், முதல் நாலடி இலையுதிர்ந்த மரத்தையும், அடுத்தது ஞாயிறு மறைந்தபின் மங்கும் மேற்றிசை ஒளியையும், மூன்றாவது சாம்பல்மேற் கிடந்து அவியும் தீயையும் காட்டுகின்றன.

முதுமை என்னும் ஒரு பொருளுக்கு மூன்று உவமை வேண்டுமோ, இது கூறியது கூறலன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே எம் கருத்து. முதலில் முடிவது ஆண்டு. பின்னர் முடிவது நாள். இறுதியில் முடிவது சிறிது நேரமே எரியும் தீ. நம் இலக்கண நூலார் பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுப்பர். அம்மரபினை ஆங்கிலப் புலவர் அறியார். எனினும் அவர் பாட்டும் பெரும்பொழுதினின்று சிறுபொழுதிற்கு இறங்குகின்றது. அன்றியும், உதிர்ந்த மரம் மீண்டும் தளிர்க்கும். மறைந்த ஞாயிறு மீண்டும் எழும். தீயோ, தன்னை ஊட்டி வளர்த்த விறகின் சாம்பலாலேயே மூடப்பட்டு அவிகின்றது, அது மீள்வதில்லை. முன்னிரண்டு உவமையும் விட்டுவைத்த நம்பிக்கையை மூன்றாவது அகற்றிவிடுகின்றது.

முதற்பகுதி தனியே நோக்கத் தக்கது. இலையற்ற கிளைகள், பாடுவோர் நீங்கிப் பாழ்பட்ட கோயிற்பகுதியாகத் தோன்றுகின்றன. எட்டாம் என்றி மன்னன் 1536 முதல் 1540 வரை துறவியர் மடங்களைக் கலைத்தமையால் நேர்ந்த இடிபாடுகள் அந்நாட்டார் கண்டறிந்தவை. இவ்வுருவகத்தின் பலபொருள் நயத்தை வில்லியம் எம்சன் 1930இல் வெளியிட்ட தம் திறனாய்வு நூலில் விரித்துரைத்தார். பறவையின் பாட்டும் மாந்தரின் பாட்டும் ஓரிடத்தே ஓய்ந்த அமைதியை இங்கு உணர்கின்றோம்.

இத்துணையும் முதுமையின் செய்தியே; காதல் யாண்டுளது? மூன்று பகுதியிலும், இக்காட்சியை என்னிடத்தே காண்பவன் நீ என்று அன்பனே முன்னிலைப்படுத்தப் படுகின்றான். மரமும் மாலையும் தீயும் அவன் கண்ணின்வழியே நமக்குப் புலனாகின்றன. அக்காட்சியே அவன் அன்பினை வலிமையுறச் செய்கின்றது என ஈற்றடிகள் முடிக்கின்றன. ஆண்டும் நாளும் கணமுமாகப் பொழுது குறுகக் குறுக, காதல் பெருகுகின்றது. மேலும், உலகை நீங்குபவன் பாடுவோனே ஆகவும், நீங்கும் செயலை அவன் அன்பன்மேல் ஏற்றிக் கூறுகின்றான். தன் இறப்பினும் எஞ்சியிருப்பவனின் இழப்பையே அவன் பெரிதாக எண்ணினான் போலும்.

இதனை நம் உள்ளுறை உவமம் எனக் கோடல் பொருந்தாது. உள்ளுறையில் பொருள் மறைந்து நிற்கும். இங்கு முதுமை வெளிப்படையாகவே கூறப்படுகின்றது. பாடுவோன் கூறாது விட்டது ஒன்றே. அன்பன் தன்னைக் காதலிப்பதைக் கூறியவன், தான் அவனைக் காதலிப்பதை ஓரிடத்தும் கூறவில்லை. அதனைக் கூறும் பொறுப்பை இயற்கையிடமே விட்டான் என்பது எம் துணிபு.