பெயிண்டை விடுங்கள், முழங்கை தேய்த்த இடத்தைப் பாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்குச் சோறு போடுவதே கார்தான். வடிவமைப்பு, மென்பொருள், உதிரிபாகச் சோதனை என்று நாள் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, வுட்வர்ட் சாலையில் பழைய அமெரிக்கக் கார்கள் சாரை சாரையாக வரும்போது, ஏதாவது ஒரு சிவப்பு கன்வெர்ட்டிபிள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், "அதெல்லாம் பணக்காரத் தாத்தாக்களின் பொழுதுபோக்கு" என்று பதில் வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தாத்தாக்களில் பலர் கார் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டு கராஜில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, தங்கள் கையாலேயே காரைச் சரிசெய்தவர்கள். அந்த உழைப்பை எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டால், ஸ்பேனரையே தொடாதவருக்கும் அங்கே ஒரு மாலை போதாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965, 1966 மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கார் கிடையாது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அதை அறிமுகம் செய்தது. டியர்பார்ன், சான் ஹோசே, மெட்டச்சன் என்று மூன்று ஆலைகளில் செய்து குவித்தார்கள். 1966 மாடல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல். அதனால் இன்றைக்கும் திருகாணி முதல் முழு பாடி வரை புதிதாகவே வாங்கலாம். என்ஜினில் கம்ப்யூட்டர் இல்லை. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறந்து மூடும், பிளக்கில் பொறி விழும், அவ்வளவுதான். நீங்களே கையை வைக்கப்போகிறீர்கள் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்தே தீர வேண்டும். இந்த மாடல்களில் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே என்ஜினுக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் கெடுத்துவிடும், மாற்றிவிடுங்கள். மற்றதை ஃபோர்டே அன்று அச்சிட்ட ஷாப் மேனுவல் சொல்லித்தரும், மறுபதிப்பு கிடைக்கிறது.

இப்போது காரின் பக்கத்தில் போய் நின்று, சக்கரத்தில் உள்ள நட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் ஆலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்த கார், ஐந்து என்றால் எட்டு சிலிண்டர் வி8. மட்கார்டில் வி8 என்ஜினுக்குரிய 289 பேட்ஜ் மின்னுகிறது, சக்கரத்தில் நான்கே நட்டு என்றால் யாரோ வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலுள்ள காரின் அடையாள எண்ணில் ஐந்தாவதாக வரும் எழுத்து என்ஜினைச் சொல்லும். டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி, ஏ, கே மூன்றும் 289 வி8. வி8 இல்லாத மஸ்டாங் மஸ்டாங்கே இல்லை என்று பேசுகிறவர்கள் சத்தத்தை ரசிக்கிறார்கள், காரை ரசிக்கவில்லை. தினம் வேலைக்குப் போய்வர எத்தனையோ பேர் நம்பி வாங்கியது அந்த ஆறு சிலிண்டரைத்தான்.

இனிதான் விஷயம். இங்கே வந்து சேரத்தான் இவ்வளவு அவசரப்பட்டேன். பழைய காரில் தேய்ந்தது வேறு, இற்றது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எத்தனை லட்சம் டாலருக்குக் கார் வாங்கினாலும் அவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காரைக் கராஜில் பூட்டிவிட்டு ஒரு வருஷம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், அதற்குள் எது தானாகக் கூடியிருக்கிறதோ அது இற்றல். மனிதர் தொட்டுப் புழங்கினால் மட்டுமே கூடுவது தேய்மானம். முதலாவதை விரட்டி விரட்டி நிறுத்த வேண்டும். இரண்டாவதன் மேல் கை வைக்கக் கூடாது.

பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். ஷூ எந்தப் பக்கமாக வந்து அழுத்தியதோ அந்த ஓரம் மழுங்கி, கோடுகள் அழிந்திருக்கும். இது தேய்மானம். சில டாலருக்குப் புது ரப்பர் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கழற்றி எறிகிறவர்களை என்ன சொல்ல! இந்தக் கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மீட்டர் 30,000 என்று காட்டினால் அது முப்பதாயிரமா, ஒரு லட்சத்து முப்பதாயிரமா? மீட்டரால் சொல்ல முடியாததைப் பெடல் சொல்லிவிடும்.

பம்பரில் துடைத்துத் துடைத்து மெலிந்துபோன குரோமியம் தேய்மானம். அதே பம்பரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அடியில் துரு வேலை செய்கிறது, அது இற்றல். ஓட்டுநர் இருக்கை உட்கார்ந்தவர் அளவுக்கு அமுங்கியிருப்பது தேய்மானம். வினைல் வறண்டு வெடித்தது இற்றல். வெயிலில் வெளுத்த பெயிண்ட் எந்தப் பக்கம்? இதில் எனக்கும் என் கராஜ் நண்பர்களுக்கும் தீராத வழக்கு. கார் சும்மா நின்றாலும் வெளுக்கும், ஆகவே இற்றல்தான் என்பது என் கட்சி. ஆனால் பாடியின் முகட்டுக் கோடுகளில் மட்டும் பெயிண்ட் மெலிந்து பிரைமர் எட்டிப்பார்க்கிறதே, அது வெயில் செய்தது அல்ல. யாரோ ஒருவர் வாராவாரம் மெழுகு போட்டுத் தேய்த்ததில் மேடான இடம் முதலில் கரைந்திருக்கிறது. ஒரே பானட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று பாருங்கள், தெரியும்.

இற்றலை எங்கே தேடுவது? மஸ்டாங்கில் முதல் இடம் கவுல். முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே துளைகள் போட்ட தகடு இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள பெட்டி. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி இரு பக்கமும் வடிந்துபோக வேண்டும். இலை தழை அடைத்துக்கொண்டு ஈரம் தங்கினால், உள்ளே காற்று வரும் துளையைச் சுற்றியுள்ள தகரம் அரித்துப்போகும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பெயிண்ட் கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துளைகள் வழியே ஊற்றினால் ஓட்டுநர் காலடியில் சொட்டும். இதைச் சரிசெய்ய, மேல் தகட்டைப் பிடித்திருக்கும் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, தகட்டைத் தூக்கி, இற்ற இடத்தை வெட்டி, புதுத் தகரம் பற்றவைத்து, சீலர் பூசி, மறுபடி மூட வேண்டும். முடிந்த பிறகு அந்த வேலை யார் கண்ணிலும் படாது. ஒரு காரை வீட்டில் சீர்செய்தவரிடம் கவுலைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், அவர் முகம் மாறுவதிலேயே எவ்வளவு செய்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த வேலையைத் தொலைக்காட்சி காட்டாது. அங்கே ஒரு வாரத்தில் கார் தயார், கடைசியில் போர்வையை உருவினால் எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். ஏலத்தில் கொட்டிக் கொடுப்பவர்களும் அந்தப் பளபளப்புக்குத்தான் கொடுக்கிறார்கள். 1966இல் ஆலையிலிருந்து வந்த எந்தக் காரும் அப்படி மின்னியதில்லை. பெயிண்டில் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு இருந்தது, கதவு இடுக்குகள் ஒரே சீராக இல்லை. புதிதாக இருந்தபோது இருந்ததைவிடப் புதிதாக்குவதற்குப் பெயர் சீரமைப்பு அல்ல. பெப்பிள் பீச்சில் நடக்கும் பழைய கார் அழகுப் போட்டியிலேயே பழையபடி காத்த கார்களுக்குத் தனிப் பிரிவு வந்தாயிற்று. விமர்சகர்கள் மட்டும் இன்னும் மெழுகுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட மோசமானது இப்போதைய மோஸ்தர். வினிகர், உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றையும் தெளித்து ஒரே நாளில் துரு வரவழைக்கிறார்கள். இல்லாத ஏதோ ஒரு கடையின் பெயரைக் கதவில் எழுதி, உப்புத்தாள் போட்டு மங்கவைத்து, மேலே பளபளவென்று கிளியர் கோட் வேறு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் நிற்காத இடத்தில் துரு இருக்கும், கை போகாத இடத்தில் தேய்ந்திருக்கும். உண்மையான தேய்மானம் அடுக்கடுக்காக வரும்: நடுவில் இரும்பு, அதைச் சுற்றிப் பிரைமர், அதற்கு வெளியே மெலிந்த பெயிண்ட், அப்புறம் நல்ல பெயிண்ட்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், என் கராஜில் நிற்பது 1966 வெளிர்நீல ஆறு சிலிண்டர். கவுல், தரை, பிரேக் குழாய்கள், வயரிங் எல்லாம் நான் செய்தவை. அவற்றை நான் யாருக்கும் காட்டுவதில்லை. நான் காட்டுவது ஓட்டுநர் பக்க ஜன்னல் விளிம்பை. கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வைத்து ஓட்டிய யாரோ ஒருவர், ஒரு நீள்வட்டத்துக்குப் பெயிண்டைத் தேய்த்து இரும்பு வரை போயிருக்கிறார். சாவித் துளைக்குக் கீழே சாவிக்கொத்து ஆடி ஆடிக் கீறிய பிறை ஒன்று. முன் இருக்கையின் முதுகில், பின்னால் உட்கார்ந்த சிறுவனின் ஷூ உதைத்த கறுப்புத் தடங்கள். விளிம்பில் இரும்பு தெரியும் இடத்துக்கு மெழுகு மட்டும் போடுகிறேன், துரு பிடிக்காமல் இருக்க. பெயிண்ட் அடிக்கச் சொல்லி என்னை நச்சரிக்காதவர் இல்லை. அடிக்க மாட்டேன்.

வுட்வர்டுக்கு சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. அதற்கு முந்தைய நாள்களின் மாலையில் சாலையோரக் கடைகளின் வாசலில் காரை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சின்ன டார்ச் எடுத்துப்போங்கள். துணியில் சுற்றிய காந்தமும் இருக்கட்டும். பட்டி அப்பிய இடத்தில் அது ஒட்டாது. ஆனால் கேட்காமல் காரைத் தொடாதீர்கள். என்ன விலை, எத்தனை குதிரைசக்தி என்று ஆரம்பிக்க வேண்டாம். எதையெல்லாம் மாற்றாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். அவரே எழுந்து வந்து கதவைத் திறந்து காட்டுவார்.