கிரீடமும் ஐஸ்கிரீமும்

குழந்தைகளுக்கு அழகிப் போட்டி நடத்தலாமா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ‘கூடாது’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அதைச் சொல்ல ஒரு கலைஞன் தேவையில்லை. அந்தத் தீமை குழந்தையின் மனத்துக்குள் எந்த இடத்தில், யார் கையால் நுழைகிறது என்று காட்டத்தான் அவன் வேண்டும். 2006-இல் வெளிவந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இந்தக் காரியத்தை முக்கால் பங்கு செம்மையாகச் செய்திருக்கிறது. மீதிக் கால் பங்கைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

மைக்கேல் ஆர்ன்ட் எழுதிய கதை இது. ஜோனதன் டேட்டன், வாலரி ஃபாரிஸ் தம்பதிகள் டைரக்ட் செய்தார்கள். நியூ மெக்ஸிகோவில் அல்புகர்க்கி என்னும் ஊரில் ஆலிவ் என்றொரு சிறுமி. மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. கலிபோர்னியாவில் சிறுமியருக்கென்று நடக்கும் அழகிப் போட்டிக்கு அவள் போகவேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், தாத்தா, மாமா எல்லாரும், தள்ளிவிட்டால்தான் கிளம்புகிற ஒரு பழைய மஞ்சள் வேனில் புறப்படுகிறார்கள்.

வழியில் ஓர் ஓட்டலில் காலை ஆகாரம். ஆலிவ் ஐஸ்கிரீம் கேட்கிறாள். ஐஸ்கிரீமில் கொழுப்பு இருக்கிறது, அது தின்பவர் உடம்பிலும் கொழுப்பாகச் சேரும் என்று அப்பா விளக்குகிறார். அழகு ராணிகள் ஒல்லியாக இருப்பார்களா, பருமனாக இருப்பார்களா என்றும் கேட்கிறார். குரலில் கோபம் இல்லை, அன்பாகத்தான் பேசுகிறார். ஐஸ்கிரீம் வருகிறது. குழந்தை அதைத் தொடவில்லை. பிறகு தாத்தாவும் மற்றவர்களும் ஆளுக்கொரு கரண்டி எடுத்து ருசிக்க ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் தின்றுவிடாதீர்கள் என்று பதறிக்கொண்டு அவளும் சாப்பிடுகிறாள்.

போட்டி இங்கேயே தொடங்கிவிட்டது. முதல் நடுவர் அவளைப் பெற்றவர். வெற்றிக்கு ஒன்பது படிகள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிற அந்த மனிதர், தம்மை அறியாமல் மகளின் கண்ணுக்குள் ஒரு நடுவரைக் குடிவைத்துவிட்டார். போட்டிக்கு முதல் நாள் இரவு, ‘நான் அழகா?’ என்று குழந்தை தாத்தாவிடம் கேட்டு அழுகிறாள். தோற்பவர்களை அப்பாவுக்குப் பிடிக்காதே என்பதுதான் அவள் பயம்.

ஓட்டப் பந்தயத்தில் தோற்ற குழந்தை நாளைக்கு இன்னும் வேகமாக ஓடலாம். கணக்கில் தோற்றவள் கணக்கைப் படிக்கலாம். முகத்தை வைத்துத் தோற்றவள் எதைத் திருத்துவாள்? வென்றவளுக்கும் இதே சங்கடந்தான். பால் பல் விழுந்த பொக்கையை மறைக்க, இத்தகைய போட்டிகளில் சிறுமிகளுக்குப் பொய்ப் பல் வரிசை மாட்டுவது உண்டு. பல் விழுவது குழந்தை வளர்கிறாள் என்பதற்கு அடையாளம். அதையே ஒரு குறையாக மறைக்கக் கற்பிக்கிற இடத்தில், அவள் என்னவாக வளரப்போகிறாள்?

கடைசியில், தாத்தா சொல்லிக்கொடுத்த நடனத்தை ஆலிவ் மேடையில் ஆடுகிறாள். அது இரவு விடுதிகளில் ஆடும் ஆட்டம். சபை அதிர்ந்துபோகிறது. மற்றச் சிறுமிகள் வயதுவந்த பெண்களைப் போலக் குலுக்கி நடந்தபோது கைதட்டிய அதே சபை! அவர்கள் பட்டுத் துணி போட்டு மூடியதை இவள் தெரியாத்தனமாகத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். மகளை இறக்கச் சொல்லி அப்பாவை மேடைக்கு அனுப்புகிறார்கள். ஏறிய மனிதர் தாமும் ஆடத் தொடங்குகிறார். நடுவர் பதவியை அவர் ராஜினாமா செய்கிற அந்தக் கணம் மிக உயர்ந்தது.

இனி என் வருத்தம். அந்த மற்றச் சிறுமிகளை நினைத்துப் பாருங்கள். ஆலிவாக நடித்த அபிகேல் பிரெஸ்லின் நடிகை. மற்றவர்களோ உண்மையாகவே இத்தகைய போட்டிகளில் கலந்துகொண்ட குழந்தைகள். பூசிய முகமும் விறைத்த கூந்தலுமாக அவர்கள் வந்து நிற்கிறார்கள், தியேட்டர் சிரிக்கிறது. ஆலிவுக்கு ஒரு தாத்தாவைக் கொடுத்த ஆசிரியர், அவர்களுக்கு ஒரு வீட்டைக்கூடக் கொடுக்கவில்லை. எங்கோ ஒரு காலையில் அவர்களுக்கு முன்னாலிருந்தும் யாரோ ஓர் ஐஸ்கிரீமை நகர்த்தியிருப்பார்கள் அல்லவா? அது தெரியாததால் நாமும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆலிவுக்கு நூற்றுக்கு நூறும், அவர்களுக்குப் பூஜ்யமும் போடுகிறோம். நடுவர்களைக் கண்டிக்கிற படம் நம்மை நடுவர்களாக்கிவிடுகிறது. கதை எழுதுகிறவன் தன் நாயகியிடம் மட்டும் கருணை காட்டினால் நேர்கிற விபத்து இது.

பிரான்ஸில் 2014-இல் ஒரு சட்டம் செய்தார்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய போட்டிகள் கூடாது. பதினாறு வயதுக்குட்பட்ட மற்றவர்களுக்கு முன் அனுமதி வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எந்தச் சட்டமும் மேடையைத்தான் பூட்டும். சாப்பாட்டு மேஜை வரைக்கும் வராது. அங்கே வரக்கூடியது கலை ஒன்றுதான்.

படத்தைப் பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் இன்னொரு தரம் பார்க்கலாம். ஆலிவை அவள் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள். நாம் அந்த மற்றக் குழந்தைகளைக் கொஞ்சம் பார்ப்போம்.